யாருக்குச் சிரிப்பு, யாருக்குக் காதல்: காதல் நகைச்சுவைப் படங்களில் ஆசியரைக் கவனித்துப் பார்க்கும் முறை

ஆங்கிலக் காதல் நகைச்சுவைப் படம் பார்ப்பதற்கு இன்று திரையரங்கு தேவையில்லை. தருமபுரியிலிருந்து பெங்களூருக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர், கிருஷ்ணகிரிச் சுங்கச்சாவடியைக் கடப்பதற்குள் பாதிப் படத்தைக் கைபேசியிலேயே பார்த்துவிடுகிறார். அப்படித் தனியாகப் பார்க்கும்போது சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்பது நினைவில் நிற்பதில்லை. தருமபுரியில் மாதம் ஒருமுறை கூடும் ஒரு சிறிய திரைவட்டத்தைச் சில ஆண்டுகளாக நடத்திவருகிறேன். ஹாலிவுட்டின் காதல் நகைச்சுவைப் படங்களில் ஆசியர் எவ்வாறு காட்டப்படுகிறார்கள் என்பதைக் கூட்டாகப் பார்த்துப் பேசுவதற்கு நாங்கள் கண்டடைந்த வழிமுறையை, இதுபோன்ற வட்டம் ஒன்றைத் தொடங்க விரும்புவோருக்காக இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பாலக்கோடு பக்கத்து வெல்ல ஆலையில் பாகை அச்சில் ஊற்றுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது எளிதில் விளங்கும்: எந்தக் காட்டுக் கரும்பாக இருந்தாலும், அச்சிலிருந்து வெளிவரும்போது எல்லாம் ஒரே வடிவத்தில்தான் இருக்கும். ஓர் இனத்தைச் சேர்ந்த மனிதர்கள் அனைவரையும் அவ்வாறு ஒரே வடிவத்தில் வார்த்துத் தரும் பாத்திரத்தை எங்கள் வட்டத்தில் ‘அச்சுப் பாத்திரம்’ என்று அழைக்கிறோம். கணக்கில் கெட்டிக்காரன், பெண்களிடம் பேசத் தெரியாதவன், ஆங்கிலத்தைச் சிதைத்துப் பேசுபவன், அடக்கமே உருவான பெண், வஞ்சகமே உருவான பெண் ஆகியவை ஆசியருக்காக ஹாலிவுட் நெடுங்காலம் வைத்திருந்த அச்சுகள். மற்ற வகைப் படங்களைவிடக் காதல் நகைச்சுவைப் படத்தில் இது கூர்மையாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. சண்டைப் படத்தில் ஆசியர் வீரராகலாம், மருத்துவமனைத் தொடரில் மருத்துவராகலாம். ஆனால் ஒருவர் விரும்பத் தக்கவரா என்ற கேள்வியையே கதையாகக் கொண்டது இந்த வகைப் படம்தான். ஆகவே படம் தொடங்குவதற்கு முன்பே சுவரில் ஒரே ஒரு கேள்வியை எழுதி வைத்துவிடுங்கள்: இந்தப் படத்தில் யாருக்குக் காதல் கிடைக்கிறது, யாருடைய காதலாசை சிரிப்புக்குரிய பொருளாகிறது? மற்றக் கேள்விகள் எல்லாம் இதன் கிளைகளே.

படங்களை இரண்டிரண்டாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஒன்று பழையதாகவும் ஒன்று அண்மைக் காலத்ததாகவும் இருந்தால், மாறியது எது, மாறாதது எது என்பது தானாகவே கண்ணில் படும். காட்டும் இடத்தைப் பற்றியும் ஒரு சொல். ஓடிடி தளங்களின் சந்தா வீட்டுப் பயன்பாட்டுக்கு உரியது. அதை வைத்து மண்டபத்தில் ஊரைக் கூட்டிப் படம் காட்டக் கூடாது. ஆனால் கல்வி நிறுவனத்தின் செயல்பாட்டினுள், அங்குள்ள ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டத்தோடு நிறுத்திக்கொண்டு படம் காட்டுவதற்கு 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. கல்லூரிக்கு வெளியே இயங்கும் வட்டமாக இருந்தால், அவரவர் வீட்டில் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வந்து, குறிப்பேட்டை வைத்துப் பேசலாம். எங்கள் வழக்கம் அதுதான்.

காதால் பார்ப்பது

புதிதாகத் தொடங்குவோர் முதல் மாதத்துக்கு 1984இல் வந்த ‘சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்’ படத்தை எடுத்துக்கொள்ளலாம். ஜான் ஹியூஸ் இயக்கிய இந்தப் படம், தன் பதினாறாவது பிறந்தநாளைக் குடும்பமே மறந்துவிட்டதால் மனம் வாடும் ஒரு பெண்ணின் கதை. அந்த அளவில் இன்றும் ரசிக்கத்தக்க படம்தான். அதில் நாயகியின் தாத்தா பாட்டியோடு தங்கியிருக்கும் லாங் டக் டாங் என்ற ஆசிய மாணவன் வருகிறான். முதலில் அவன் வரும் காட்சிகளை இயல்பாகப் பாருங்கள். பிறகு திரையை மறைத்துவிட்டு, அதே காட்சிகளை ஒலியை மட்டும் கேட்கும்படி ஓடவிடுங்கள். நம் ஊரில் சேகண்டி அடிப்பதுபோன்ற ஓர் உலோகத் தட்டின் ஓசை, அவன் தோன்றும்போதெல்லாம் திரும்பத் திரும்ப எழுவதை அப்போதுதான் கவனிப்பீர்கள். அவன் வாயைத் திறப்பதற்கு முன்பே, நகைச்சுவைக்குரியவன் வந்துவிட்டான் என்று அந்த ஓசை கட்டியம் கூறிவிடுகிறது. 

அடுத்து அவனுடைய பேச்சு. அந்த வேடத்தில் நடித்த கெடே வாட்டனாபே அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்து வளர்ந்தவர். அந்த உடைந்த உச்சரிப்பு அவருடையதன்று, வேடத்துக்காகப் புனைந்துகொண்டது. இதைச் சொன்னதும் வட்டத்தில் எப்போதும் ஒரு சிறு அமைதி நிலவும். மூன்றாவதாக, அவனுக்கும் படத்தில் ஒரு துணை கிடைக்கிறதே என்று யாரேனும் கேட்பார்கள். கிடைக்கத்தான் செய்கிறது, தன்னைவிட உயரமும் உடல்வலிவும் மிக்க ஒரு பெண். ஆனால் அந்த இணையைக் காட்டும் ஒவ்வொரு சட்டகமும், ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் மாறிவிட்டார்கள் என்ற கேலியாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. நாயகிக்குக் கிடைப்பது பிறந்தநாள் கேக்கின் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் ஒரு முத்தம். அவனுக்குக் கிடைப்பது போதையும் தலைவலியும். காதல் ஒருவருக்கு, சிரிப்பு ஒருவருக்கு என்று நான் சொன்னது இதைத்தான்.

தமிழ்க் குரல் சேர்த்த பதிப்பைப் பற்றி இங்கே ஓர் எச்சரிக்கை. எங்கள் முதல் ஆண்டில், ஆங்கிலம் சரளமாக வராத மாணவர்களின் வசதிக்காகத் தமிழில் குரல் சேர்க்கப்பட்ட ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தேன். அது என் பிழை. குரல் மாறியதும் ஆசியப் பாத்திரத்தின் உச்சரிப்பு மறைந்துவிட்டது. அதன் இடத்தில், நம் படங்களில் வட்டிக்கடைச் சேட்டுக்கு வைக்கும் ‘நம்பள், நிம்பள்’ தமிழ் வந்து உட்கார்ந்திருந்தது. அமெரிக்கக் கேலி நீங்கி நம்முடைய கேலி ஒட்டிக்கொண்டதே தவிர, கேலி நீங்கவில்லை. மூலக் குரலில், தேவைப்பட்டால் எழுத்துவரிகளோடு பாருங்கள். பிறகு நேரமிருந்தால் அதே காட்சியைத் தமிழ்க் குரலிலும் கேட்டு, மொழிபெயர்ப்பாளர் எந்த அச்சைத் தேர்ந்தெடுத்தார் என்று பேசலாம். எங்களுக்கு மிக நல்ல உரையாடல் கிடைத்த மாலைகளுள் ஒன்று அப்படி, என் பிழையிலிருந்து பிறந்ததுதான்.

குறிப்பேடு

குறிப்பேட்டில் நிறைய எழுத வேண்டியதில்லை. ஆசியப் பாத்திரத்துக்கு வீடு, பெற்றோர், தொழில், நண்பர் ஆகியவை உண்டா, அல்லது நாயகன் நாயகியின் வாசலில் மட்டும் வந்து நிற்கிறாரா என்று ஒரு பக்கம். எதிர்ப்பக்கத்தில், ஒளிப்பதிவுக் கருவி அவரை எப்படிப் பார்க்கிறது என்று எழுதுங்கள். காதல் நகைச்சுவைப் படத்துக்கென்று சில நிலையான காட்சிகள் உண்டு: முதல் சந்திப்பின் மோதல், உடை மாற்றி வரும்போது மற்றவர் வாயடைத்து நிற்பது, மழை, கடைசி நேரத்தில் விமான நிலையத்துக்கு ஓடுவது. இவற்றுள் எதிலாவது ஆசிய முகத்துக்கு நீண்ட அண்மைக் காட்சி கிடைத்ததா என்று பாருங்கள். நம்முடைய படங்களிலும் நாயகியின் முகத்துக்கு விழும் வெளிச்சம் தோழியின் முகத்துக்கு விழாது என்பதால், இதைக் கண்டுபிடிக்கத் தமிழ்ப் பார்வையாளருக்குச் சிறப்புப் பயிற்சி எதுவும் தேவைப்படுவதில்லை.

வேடத்தை யார் ஏற்றார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 1961இல் வந்த ‘பிரேக்ஃபாஸ்ட் அட் டிஃபனீஸ்’ படத்தில் மாடிவீட்டு ஜப்பானியரான யூனியோஷியாக நடித்தவர் மிக்கி ரூனி என்ற வெள்ளை நடிகர். துருத்திய பொய்ப்பற்களும் இடுக்கிய கண்களுமாக அவர் ஒவ்வொரு முறையும் கூச்சலிட்டுக்கொண்டே வருகிறார். இரண்டாம் உலகப்போரின்போது ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர்களை அடைத்து வைத்திருந்த முகாம்களுள் கடைசியானது மூடப்பட்டது 1946இல் என்பதை நினைவில் கொண்டு பார்த்தால், பதினைந்தே ஆண்டுகளில் வந்த அந்தச் சிரிப்பு தொண்டையில் சிக்கும். அதே இயக்குநர் பிளேக் எட்வர்ட்ஸ் 1968இல் ‘தி பார்ட்டி’ எடுத்தபோது, முகத்தில் பழுப்பு மை பூசிக்கொண்டு இந்தியராக நடித்தவர் பீட்டர் செல்லர்ஸ். இந்தப் படத்தை இணையாக வைத்தால் விவாதம் சற்றுச் சிக்கலாகும், சிக்கலாவது நல்லது. செல்லர்ஸின் பக்‌ஷி இங்கிதமானவர், மற்றவர்களைவிட மேலானவர், முடிவில் ஒரு பெண்ணின் நேசமும் அவர்பால் அரும்புகிறது. ஆக, இந்தியப் பாத்திரத்துக்குக் காதல் கிடைத்துவிட்டது, இந்திய நடிகருக்குத்தான் கிடைக்கவில்லை. மிகவும் பிற்காலமான 2015இலும், ‘அலோஹா’ படத்தில் சீன, ஹவாய்க் கலப்பு வழியில் வந்த ஆலிசன் எங் என்ற பெண்ணாக எம்மா ஸ்டோன் நடித்தார். எதிர்ப்பு எழுந்தபின் இயக்குநர் கேமரன் குரோ மன்னிப்புக் கேட்டார்.

எண்ணிக்கையை விரும்புவோருக்கு ஒரு கணக்கு: தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அனன்பர்க் ஆய்வுக் குழு, 2007 முதல் 2019 வரை மிகுதியாக ஓடிய 1,300 படங்களை ஆராய்ந்தபோது, ஆசியரோ பசிபிக் தீவினரோ முதன்மை வேடத்தில் வந்தவை 44 மட்டுமே. அவற்றுள் 14 படங்களின் நாயகர் டுவைன் ஜான்சன் என்ற ஒரே நடிகர். எண்ணிக்கைப் பேச்சை இத்துடன் முடித்துக்கொள்வது நல்லது.

அச்சு எங்கே செய்யப்பட்டது

இந்தப் பகுதியை வட்டத்தை நடத்துபவர் முன்கூட்டியே படித்து வைத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு ‘வெள்ளைக்காரர்களின் குணமே அப்படி’ என்ற இடத்தில் போய் நின்றுவிடும். குணம் அன்று, சட்டம். 1875ஆம் ஆண்டின் பேஜ் சட்டம் சீனப் பெண்கள் அமெரிக்காவுக்குள் வருவதைப் பெரும்பாலும் நிறுத்தியது. 1882ஆம் ஆண்டின் சட்டம் சீனத் தொழிலாளர் அனைவருக்கும் கதவை அடைத்தது. ஏற்கெனவே வந்துசேர்ந்திருந்த ஆண்கள் மனைவியோ குழந்தையோ இல்லாமல் தங்க நேர்ந்தது. சுரங்கத்திலும் ரயில்பாதையிலும் வேலை மறுக்கப்பட்டவர்கள் சலவைக் கடையும் உணவுக் கடையும் வைத்துப் பிழைத்தார்கள். அவை பெண்களின் வேலைகள் என்று அக்காலத்தில் கருதப்பட்டவை. ஆசிய ஆண் ஆண்மையற்றவன் என்ற கேலி இந்த இடத்தில்தான் வேர்விட்டது. மணம் செய்ய முடியாதபடி சட்டம் போட்டுவிட்டு, மணமாகாதவன் என்று சிரித்த கதை அது.

திரைக்கும் சட்டம் இருந்தது. 1930இல் எழுதப்பட்டு 1934 முதல் கண்டிப்புடன் நடைமுறைக்கு வந்த ஹேஸ் விதித்தொகுப்பு, வெள்ளையருக்கும் கறுப்பினத்தவருக்கும் இடையிலான உறவைத் திரையில் காட்டத் தடை விதித்தது. நடைமுறையில் அந்தத் தடை ஆசியர்மீதும் பாய்ந்தது. அதன் விளைவை ஒரே ஒருவரின் வாழ்வில் காட்டலாம். சீன அமெரிக்க நடிகையான அன்னா மே வாங், 1937இல் வந்த ‘தி குட் எர்த்’ படத்தில் சீன உழவனின் மனைவியாக நடிக்க விரும்பினார். உழவனாக நடித்தவர் பால் முனி என்ற வெள்ளை நடிகர். அவருக்கு மனைவியாக ஓர் உண்மையான சீனப் பெண் வரக்கூடாது என்பதால், அந்த வேடம் லூயிஸ் ரெய்னருக்குப் போயிற்று. ரெய்னர் அதற்காக ஆஸ்கர் விருதும் பெற்றார். இனம் கடந்த திருமணத்தைத் தடுத்த மாநிலச் சட்டங்கள் அமெரிக்கா முழுவதும் செல்லாதவையாயின என்ற தீர்ப்பு வந்தது 1967இல். இந்த ஆண்டுகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டு, பார்த்த படங்களின் ஆண்டுகளையும் அருகே எழுதுங்கள். அதற்கு மேல் விளக்கவுரை தேவைப்படாது.

பாராட்டப்பட்ட படங்களிடம்

புதிய படங்களிடம் நாம் இளகிவிடக் கூடாது. 2018இல் வந்த ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’, 1993க்குப் பிறகு ஹாலிவுட்டின் பெரிய நிறுவனம் ஒன்று ஆசிய நடிகர்களையே முதன்மையாக வைத்துத் தற்காலக் கதையை எடுத்த முதல் படம். மூன்று கோடி டாலர் செலவில் உருவாகி 23 கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. இந்தக் கதையைப் படமாக்க முன்வந்த ஒரு தயாரிப்பாளர் நாயகியை வெள்ளைப் பெண்ணாக மாற்றும்படி கேட்டதாக நாவலாசிரியர் கெவின் குவான் கூறியிருக்கிறார். அதே ஆண்டில் வந்த ‘டு ஆல் தி பாய்ஸ் ஐவ் லவ்ட் பிஃபோர்’ கதையின் ஆசிரியர் ஜென்னி ஹானுக்கும் இதே கோரிக்கை வந்தது. இருவரும் மறுத்ததால்தான் நாம் அந்த முகங்களைப் பார்க்கிறோம். ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ படத்தில், விமானத்துக்குள் ஓடிவந்து, பயணிகளின் பெட்டிகளுக்கு வழிவிட்டுக்கொண்டே நாயகன் மோதிரம் நீட்டும் காட்சியைக் குறிப்பேட்டில் கட்டாயம் எழுதுங்கள். அந்த வகைப் படத்தின் மிக உயர்ந்த மரியாதை ஓர் ஆசிய இணைக்குக் கிடைத்த காட்சி அது.

அதன்பின் தமிழ்ப் பார்வையாளர் மட்டுமே கூர்மையாகக் கேட்கக்கூடிய ஒரு கேள்வியைக் கேளுங்கள். கதை நடப்பது சிங்கப்பூரில். தமிழ் அந்த நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளுள் ஒன்று. நம் மாவட்டங்களிலிருந்தும் அங்கே வேலைக்குப் போனவர்கள் உண்டு. படத்தில் பழுப்புத் தோல் எங்கே தென்படுகிறது? மாளிகை வாசலில் தலைப்பாகையோடும் துப்பாக்கியோடும் நிற்கும் காவலராகவும், ஏவல் செய்பவராகவும். அந்தக் காவலர்களைக் கண்டு நாயகியும் தோழியும் அஞ்சுவது படத்தில் ஒரு நகைச்சுவை. ஓர் அச்சை உடைத்த படம், அதே வீட்டு வாசலில் இன்னோர் அச்சை நிறுத்தி வைத்திருக்கிறது. எங்கள் வட்டத்தில் இந்தக் காட்சி முதல் பார்வையில் ஒருவர் கண்ணிலும் படவில்லை. எல்லாரும் மாளிகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜென்னி ஹானின் கதைநாயகி கடிதம் எழுதிய ஐந்து இளைஞர்களுள் ஒருவரும் ஆசியர் இல்லை. 2017இல் வந்த ‘தி பிக் சிக்’ படத்தில் பாகிஸ்தானிய நாயகனுக்கு ஆழமும் காதலும் உண்டு. ஆனால் அவன் தாய் வரவழைக்கும் பாகிஸ்தானியப் பெண்கள் ஒரு பெட்டிக்குள் கிடக்கும் நிழற்படங்களாகச் சுருங்கிப்போகிறார்கள். பெண் பார்க்கும் படலத்தில் நிழற்படமாகக் கைமாறுவது எப்படியிருக்கும் என்பதை எங்கள் வட்டத்துப் பெண்கள் விளக்கியதற்கு மேல் நான் சேர்க்க ஏதுமில்லை. 2019இல் வந்த ‘ஆல்வேஸ் பி மை மேபி’ என் சொந்த விருப்பம்: நாயகன் கணினி மேதையும் அல்லன், குங்ஃபூ வீரனும் அல்லன், தந்தையோடு ஏசி பொருத்தப் போகிறவன், நண்பர்களோடு பாட்டுக் குழு நடத்துகிறவன், பிழைகள் செய்கிறவன். ஒரு மனிதன் சாதாரணமாக இருக்கலாம் என்ற உரிமை அச்சுப் பாத்திரத்துக்கு ஒருபோதும் கிடைப்பதில்லை.

நம் பக்கம் திரும்பும்போது

இரண்டாம் மாதத்தில் தமிழ்ப் படத்துக்கு வந்துவிட வேண்டும். தள்ளிப்போட்டால் அமெரிக்கரை மட்டும் குறைசொல்லும் வசதியான பழக்கம் படிந்துவிடும். 2007இல் வந்த ‘சிவாஜி’ படத்தில், அடர்கறுப்பு ஒப்பனையோடு இரண்டு பெண்கள் நாயகனுக்கு மணப்பெண்களாக முன்மொழியப்படுவதே ஒரு நகைச்சுவைத் தொடராக வருகிறது. அவர்களுக்கு இடப்பட்ட பெயர்கள் அங்கவை, சங்கவை. பாரி மகளிரின் பெயர்கள். ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த அதியமானின் தகடூர் இது. அந்த ஔவை பாரி மகளிருக்கு மணம் முடித்துவைத்ததாக வழங்கும் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பெயர்களைக் கறுப்பு நிறத்தின் மீதான கேலிக்குச் சூட்டியபோது நாமும் திரையரங்கில் சிரித்தோம். நான் சிரித்தேன். யூனியோஷியின் பொய்ப்பற்களுக்கு எழுதிய குறிப்புக்குப் பக்கத்திலேயே இதையும் எழுதுங்கள். ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வந்திருக்கும் இளைஞர்களை நாம் என்ன பெயர் சொல்லி அழைக்கிறோம் என்பதும், அவர்களுள் ஒருவர் தமிழ்ப் படத்தில் காதலனாக வந்திருக்கிறாரா என்பதும் அந்தப் பக்கத்துக்கு உரியவை.

இங்கே நடத்துபவர் கவனமாக இருக்க வேண்டும். யார் யாரைக் காதலிக்கலாம் என்பது இந்த மாவட்டத்தில் பொழுதுபோக்குப் பேச்சன்று. 2012 நவம்பரில், சாதி கடந்த ஒரு திருமணத்தையொட்டி, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டு வீடுகள் எரிக்கப்பட்டன. வட்டத்தில் உட்கார்ந்திருப்பவர்களுள் அதை நேரில் அறிந்த குடும்பத்தினர் இருக்கலாம். எனவே யாரையும் அவர் சாதியின் சார்பாகவோ ஊரின் சார்பாகவோ பேசும்படி அழைக்காதீர்கள். ‘நீங்கள் சொல்லுங்கள்’ என்று கைகாட்டுவதே ஒருவரை அச்சில் ஊற்றுவதுதான். பேச விரும்புபவர் தாமாகப் பேசுவார். திரையில் தெரிவதைப் பற்றியே பேச்சு நிற்கட்டும்.

“சும்மா சிரிக்கத்தானே சார் எடுத்திருக்காங்க, இதுல போய் என்ன ஆராய்ச்சி?” என்ற கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். கேட்பவரை மடக்க முயல வேண்டாம். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அந்தப் படங்கள் சிரிக்கத்தான் எடுக்கப்பட்டவை. அவரையே அந்தக் காட்சியை மறுபடி ஓடவிடச் சொல்லி, சிரிப்பு எந்த நொடியில் வந்தது, அந்த நொடியில் பாத்திரம் என்ன செய்துகொண்டிருந்தது என்று கூறச் சொல்லுங்கள். பாத்திரம் செய்த செயலுக்காகச் சிரித்திருந்தால் அது நகைச்சுவை. ஒன்றும் செய்யாமல் நின்றபோதே சிரித்திருந்தால், எதற்காகச் சிரித்தோம் என்பதை அவரே சொல்லிவிடுவார். ‘அந்தக் காலத்துப் படம்’ என்ற சமாதானத்துக்கு, ஜென்னி ஹான் படத்தின் ஒரு காட்சியைக் காட்டலாம்: நாயகி, ‘சிக்ஸ்டீன் கேண்டில்ஸ்’ பார்த்துக்கொண்டிருக்கும்போது, லாங் டக் டாங் பாத்திரம் இனவெறி சார்ந்ததில்லையா என்று நாயகன் கேட்கிறான், அவள் அதை மறுக்காமல் ஒப்புக்கொள்கிறாள், ஆனாலும் படத்தை அணைக்கவில்லை. விரும்பிக்கொண்டே குறைகாண்பது முடியும் என்பதற்கு அந்தச் சோபாவைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

பேச்சை இரவு எட்டு மணிக்கு முடித்துவிடுங்கள். அரூர், பென்னாகரம் பக்கம் போக வேண்டியவர்கள் பேருந்து நேரத்தைக் கணக்கிட்டுக் கடைசி அரைமணியில் வாய் திறக்க மாட்டார்கள், குறிப்பாகப் பெண்கள். பேச முடியாமற்போன கேள்வியைத் துண்டுத்தாளில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு, அடுத்த மாதக் கூட்டத்தை அதிலிருந்து தொடங்குங்கள். சென்ற மாதம் எனக்குக் கிடைத்த தாளில் பெயரில்லாமல் ஒரே வரி இருந்தது: “தோழியாகவே வருகிற நடிகைக்கு யார் சார் கடிதம் எழுதுவார்கள்?”